வாசலில் நில்லாத வாழ்த்து

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த பொதுக்கூட்டத்தில், நலவாழ்வுத் தொண்டர் குழுவினர் வாசித்தளித்த உரை)

 

பொன்விழா மேடையில் பேசும்படி எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருள் "வாழ்த்தும் தொண்டும்" என்பது. எங்கள் குழுவில் எழுவர் இருக்கிறோம். மேடைப் பேச்சு ஒருவருக்கும் பழக்கமில்லை. ஆகையால் எழுவரும் கூடி எழுதுவது, ஒருவர் வாசிப்பது என்று ஏற்பாடு. நன்றாக அமைந்தால் பெருமையை எழுவரும் பங்கிட்டுக் கொள்வோம். இல்லாவிட்டால் வாசிப்பவர் தலையில் போட்டுவிடுவோம்.

விழா நாளில் எய்ட்ஸ் நோயைப் பற்றியா பேசுவது என்று சிலர் தயங்கினார்கள். பங்குத் தந்தையவர்கள்தாம், "பேசுங்கள், விழா நாளில்தான் எல்லோரும் வந்திருப்பார்கள்" என்றார்கள். காலண்டரும் அவர்கள் பக்கமே நிற்கிறது. டிசம்பர் முதல் தேதி உலக எய்ட்ஸ் தினமாக 1988 முதல் அனுசரிக்கப்படுகிறது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறோ நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வருவது. எந்த ஆண்டானாலும் இவ்விரண்டும் நான்கு நாளுக்கு மேல் தள்ளிப் போவதில்லை. நாம் குடிலுக்கு வைக்கோல் தேடுகிற அதே வாரத்தில்தான், அரசு மருத்துவமனை வாசலில் சிவப்பு நாடா குத்திக்கொண்டு நிற்கிறார்கள்.

முதலில் வாழ்த்தைப் பற்றி.

கபிரியேல் தூதர் தேவதாய்க்குச் சொன்ன வாழ்த்தை நம் முன்னோர் "மங்கள வார்த்தை" என்றார்கள். எவ்வளவு அழகான பெயர்! அந்த மங்கள வார்த்தையைக் கேட்ட தாய் அடுத்துச் செய்தது என்ன? யூதேயா மலைநாட்டிலிருந்த உறவினர் எலிசபெத்தைப் பார்க்க விரைந்தார். லூக்கா நற்செய்தியாளர் இதைச் சொல்லும் வரிசையைக் கவனிக்க வேண்டும். மாதா சக்கரியாவின் வீட்டுக்குள் நுழைகிறார், நுழைந்தபின் வாழ்த்துகிறார், வாழ்த்தியபின் ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்குகிறார். முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த ஒரு பெண்ணின் வீட்டில் மூன்று மாதம் என்றால், தண்ணீர் எடுத்தலும் மாவரைத்தலும் இல்லாமலா இருந்திருக்கும்? இதை நற்செய்தி எழுதவில்லை. ஆனால் இங்கிருக்கும் தாய்மார்களுக்கு யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

நாம் வாழ்த்துச் சொல்வது எப்படி மாறிப் போயிற்று என்று பாருங்கள். அச்சிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843இல் இலண்டனில் பிறந்தது. ஹென்றி கோல் என்பவருக்குக் கடிதங்களுக்கெல்லாம் தனித்தனியே பதில் எழுத நேரமில்லாமல், ஓவியர் ஒருவரைக் கொண்டு ஆயிரம் அட்டை அச்சிட்டுக்கொண்டார். அதாவது, நேரமில்லாமையிலிருந்து பிறந்ததுதான் இந்த வழக்கம்! ஆனாலும் நம்மூரில் அட்டைகளுக்கு ஒரு மரியாதை இருந்தது. பொங்கலுக்கு முன் கடைகளில் கயிறு கட்டித் தொங்கவிட்ட வாழ்த்து மடல்களை நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாடும் கரும்பும் ஒரு பக்கம், எம்.ஜி.ஆரும் சிவாஜியும் மறுபக்கம். யாருக்கு எந்தப் படம் பிடிக்கும் என்று யோசித்துப் பொறுக்கி, பெயரெழுதி, தபால்தலை ஒட்டி அனுப்புவோம். பொறுக்கும் அந்த ஐந்து நிமிடமாவது அந்த மனிதர் நம் நினைவில் இருந்தார்.

இப்போது கைப்பேசியில் ஒரே தட்டலில் இருநூறு பேருக்கு மெழுகுவர்த்திப் படம் போகிறது. இதைக் குறை கூற நாங்கள் வரவில்லை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் வாழ்த்து அதில்தானே வந்து சேர்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறோம். யாரோ அனுப்பியதை வாங்கி யாருக்கோ தள்ளிவிடுவது தபால்காரர் வேலை. தபால்காரராவது வீட்டு வாசல் வரை வருகிறார்.

நம் பங்கில் மெய்யான வாழ்த்து எதுவென்று கேட்டால், பலகாரத் தட்டு என்போம். கிறிஸ்து பிறப்பு விழாவன்று முறுக்கும் அதிரசமும் அச்சுமுறுக்கும் அடுக்கி, மேலே ஒரு கைக்குட்டை போட்டு, பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவோம். இந்து வீட்டுக்குப் போகும், முஸ்லிம் வீட்டுக்குப் போகும். தட்டை யாரும் வெறுமையாகத் திருப்புவதில்லை. ஒரு பிடி சர்க்கரையோ, இரண்டு வாழைப்பழமோ வைத்துத்தான் கொடுப்பார்கள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அதே தட்டு வேறு பலகாரத்தோடு நம் வீட்டுக்கு வரும். வேதசாத்திரம் படிக்காதவர்கள் கண்டுபிடித்த வாழ்த்து இது.

அந்தத் தட்டைப் பற்றி ஒரு சகோதரி எங்களிடம் சொன்னதை, அவருடைய அனுமதி பெற்றே இங்கே சொல்கிறோம். எந்த ஊர், எந்தத் தெரு என்று தயவுசெய்து ஊகிக்க முயல வேண்டாம். அவருடைய கணவர் லாரி ஓட்டியவர். அவர் இறந்தபின் மனைவிக்குப் பரிசோதனை செய்தபோது எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. பிள்ளைக்கு இல்லை, அதற்காக அவர் நாள்தோறும் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். செய்தி எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று வழக்கம்போல் ஆறு வீட்டுக்குத் தட்டு அனுப்பினார்.

"யாரும் வேண்டாம்னு சொல்லலீங்க. வாங்கிக்கிட்டாங்க. 'ஹேப்பி கிறிஸ்துமஸ்'னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. தட்டு திரும்பி வந்தப்ப அதுல சர்க்கரை இல்லீங்க. டெட்டால் வாசம் அடிச்சது."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. "எங்க வீட்டுக்கும் வாழ்த்துச் சொல்ல வர்றாங்க. வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போயிடறாங்க" என்றும் சொன்னார். இந்த உரைக்குத் தலைப்பை அவர்தாம் கொடுத்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தெருவினர் கொடியவர்கள் அல்லர். அவர்களுக்கு அச்சம். அந்த அச்சம் எங்கிருந்து வந்ததென்று பார்த்தால், பாதி அரசாங்கச் சுவரொட்டிகளிலிருந்து வந்தது. 1986இல் நம் சென்னையில்தான் இந்நாட்டின் முதல் நோய்த்தொற்று கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியை சுனிதி சாலமோனும் அவருடைய மாணவி நிர்மலாவும், பாலியல் தொழிலில் சிக்கியிருந்த பெண்களிடம் இரத்தமெடுத்துச் சோதித்து அதை வெளிப்படுத்தினார்கள். வராது என்று பலர் நம்பியிருந்த நோய் வந்தேவிட்டது. அன்று மருந்தில்லை. ஆகவே மக்களை அச்சுறுத்தியாவது காப்பாற்றலாம் என்று மண்டை ஓட்டைச் சுவரில் வரைந்தார்கள். பின்னர் 2000க்குப் பிறகு வந்த "புள்ளிராஜா" விளம்பரத்தை இங்கே பலரும் அறிவீர்கள். பேசக் கூசிய ஒன்றைத் தேநீர்க்கடை வரை பேச வைத்தது அந்த விளம்பரம். அது பெரிய காரியம். ஆனால் இந்த நோய் வந்தவன் எல்லாம் புள்ளிராஜாதான் என்ற நினைப்பையும் விட்டுச் சென்றது. வீட்டைத் தவிர வேறொன்றும் அறியாத மனைவியரைப் பற்றி அந்தச் சிரிப்பில் யார் நினைத்தார்கள்? அப்படிப்பட்ட பெண்கள் தாங்களே கூடி, 1998இல் சென்னையில் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மருந்து வந்துவிட்டது, அன்பர்களே. மண்டை ஓடு மனத்தை விட்டுப் போகவில்லை. 2004 ஏப்ரல் முதல் தேதி தொடங்கி மத்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகக் கொடுத்து வருகிறது. தொடக்கத்தில் அதைக் கொடுத்த சில மையங்களுள் நமது தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இப்போது பலருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரை. தவறாமல் சாப்பிடுகிறவர் வேலை செய்யலாம், முதுமை வரை வாழலாம். கிருமி இரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்துவிட்டால், தம்பதியருள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு உறவின் வழியே அது பரவுவதில்லை. சிகிச்சையே இல்லாவிட்டால் நூறு தாய்மாரில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பேருடைய குழந்தைக்கு நோய் தொற்றும். காலத்தில் மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே வந்துவிடுகிறது. எனவேதான் கர்ப்பிணிகளுக்கெல்லாம் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். மருத்துவமனையில் அந்தப் படிவத்தை நீட்டினால் நம் மருமகள்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம். மாமியார்மாரும்தான்.

திருவருகைக் காலத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் மேசை போட்டு உட்காருகிறோம். மேசைக்கு நேரே வந்து கேட்பவர் குறைவு. சைக்கிளை எடுக்கப் போகும் வழியில், யாரும் பார்க்காதபோது கேட்பார்கள். கேட்ட கேள்விகளில் சிலவற்றை இங்கே சொன்னால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

பெரிய வெள்ளியன்று எல்லோரும் சிலுவையை முத்தி செய்கிறோமே, நோயுள்ளவர் முத்தி செய்த இடத்தில் நாமும் செய்யலாமா? செய்யலாம். எச்சிலால் இந்த நோய் பரவாது. நடுச்சாமப் பூசைக்குப் பின் பாலன் இயேசுவின் சுரூபம்? அதுவும் அப்படியே. தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்தால்? வராது. கொசு கடித்தால்? வராது, ஆனால் டெங்கு வரும், தண்ணீரைத் தேங்கவிடாதீர்கள். ஒரே பாயில் படுத்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால், குழந்தையை அவர் தூக்கிக் கொஞ்சினால்? வராது, வராது, வராது. பாதுகாப்பற்ற உடலுறவு, நோய்க்கிருமியுள்ள இரத்தம், ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்துவது, தாயிடமிருந்து கருவிலோ பேற்றிலோ பாலிலோ குழந்தைக்கு. வழி இவ்வளவுதான். இவற்றில் முறுக்கு எங்கேயும் இல்லை.

ஒரு பெரியவர் மட்டும், "ஒழுக்கமாக இருந்தால் ஏன் வருகிறது? அதை அல்லவா நீங்கள் பேச வேண்டும்?" என்று கேட்டார். ஒழுக்கத்தைத் திருச்சபை போதிக்கிறது. நாங்களும் இளைஞரிடம் அதைத் தயங்காமல் சொல்கிறோம். ஆனால் படுக்கையில் கிடப்பவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. அது குருவானவருக்கு உரியது. எங்களுக்கு உரியது மருந்து தீரும் தேதியை நினைவுபடுத்துவது, பேருந்துக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்பது.

இதில் நமக்கு முன்னோடிகள் உண்டு. நம்மவர் ஞானப்பிரகாசியார் என்று பெயரிட்டு அழைக்கும் புனித அலோசியஸ் கொன்சாகா, உரோமை நகரில் கொள்ளைநோய் கண்டவர்களைத் தூக்கிப் பணிவிடை செய்து, அதே நோய் தொற்றி 1591 ஜூன் 21இல் உயிர்விட்டார். வயது இருபத்து மூன்று. எய்ட்ஸ் நோயாளருக்கும் அவர்களைப் பேணுவோருக்கும் அவரைப் பாதுகாவலராகக் கொள்கிறார்கள். நம் பங்கில் ஞானப்பிரகாசம் என்று பெயருள்ளவர்களை எண்ணிப் பார்த்தோம். இருக்கும் எண்ணிக்கைக்கு எங்கள் குழுவில் ஒருவராவது இருந்திருக்க வேண்டும்!

அன்னை தெரசா நியூயார்க் நகரில் எய்ட்ஸ் நோயாளருக்காக ஓர் இல்லம் திறந்தார். அந்த நாள் 1985 டிசம்பர் 24. அமெரிக்காவே அந்நோயாளிகளைக் கண்டு நடுங்கிய காலம் அது. சிறையில் கிடந்த நோயாளிகள் சிலரை விடுவித்துத் தரும்படி அதிகாரிகளிடம் மன்றாடி வாங்கி, கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நாளில் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார். "அன்பின் கொடை" என்று அவ்வில்லத்துக்குப் பெயர். விடுதியில் இடமில்லை என்ற கதையை ஆண்டுதோறும் நாடகம் போடுகிறோம். அன்னை அதற்கு ஒரு கதவைத் திறந்தே காட்டிவிட்டார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில், இரத்தம் ஏற்றியதால் நோய் தொற்றிய ஒரு சிறுவனை எல்லோர் முன்னிலும் அணைத்துக்கொண்டார். அந்தப் படம் உலகமெங்கும் போயிற்று. இந்திய ஆயர்களும் 2005இல் எச்.ஐ.வி. பணிக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறார்கள்.

இனி, நாங்கள் வேலை செய்யும் முறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். "நோயுள்ளவர் வீடுகளின் பட்டியலைக் கொடுங்கள், நாங்களும் போய்ப் பார்க்கிறோம்" என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் உண்டு. அப்படி ஒரு பட்டியல் எங்களிடம் இல்லை. இருந்தாலும் கொடுக்க மாட்டோம். 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஒருவருக்கு நோய்த்தொற்று இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது; அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதும், பள்ளியில் சேர்க்க மறுப்பதும், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் கூடாது. சட்டம் இருக்கட்டும். நாம் ஒரு வீட்டுக்கு மட்டும் போய் அரைமணி உட்கார்ந்து வந்தால், "அந்த வீட்டுக்கு மட்டும் ஏன் போனார்கள்?" என்று எதிர்வீட்டுத் திண்ணை கேட்காதா? அன்பு காட்டப் போய் ஆளைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

ஆகையால் தெரு முழுவதும் போகிறோம். எல்லா வீட்டுக்கும், எல்லா மதத்தார் வீட்டுக்கும். உள்ளே போய் உட்காருகிறோம். கொடுத்ததைச் சாப்பிடுகிறோம். வெளியே நாற்காலி போட்டால் "உள்ளே வரலாமா?" என்று கேட்டு உள்ளே போகிறோம். பாடற்குழுவினர் மூன்று இரவில் இருநூறு வீடு பாட வேண்டியவர்கள், அவர்களுக்கு உட்கார நேரமில்லை. எனவே டிசம்பர் முதல் தேதிக்கும் நவநாள் தொடக்கத்துக்கும் இடையில் எங்கள் சுற்று. விழிப்புணர்வுத் துண்டுத்தாள் எல்லா வீட்டிலும் ஒன்று கொடுப்போம். உண்மையைச் சொன்னால், அந்தத் தாளைவிட, எந்த வீட்டு முறுக்கையும் கூசாமல் கடித்துத் தின்பதைப் பக்கத்து வீட்டார் சன்னல் வழியே பார்ப்பதுதான் அதிகம் பேசுகிறது. ஓரிரு வீடுகளில் நாங்கள் சாப்பிட்டு முடித்ததும், கொடுத்தவர் எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

மற்ற மதத்தாரின் திருநாளில் நாம் வாழ்த்துச் சொல்லலாமா என்ற ஐயமும் சிலருக்கு இருக்கிறது. உரோமையே சொல்கிறதே! 1967 முதல் ஆண்டுதோறும் ரம்ஜான் முடிவில் முஸ்லிம் மக்களுக்கு வத்திக்கானிலிருந்து வாழ்த்துச் செய்தி போகிறது. 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் கையாலேயே ஒப்பமிட்டு அனுப்பினார். தீபாவளிக்கு இந்துக்களுக்கும் செல்கிறது. நாமும் மனமாரச் சொல்வோம். நாம் யாரென்று மறைக்க வேண்டாம். அவர் யாரென்று மாற்றவும் வேண்டாம். வாழ்த்துக்குள் தூண்டில்முள் வைத்தால் அது வாழ்த்தாகாது. மருத்துவமனைப் பணியில் இது இன்னும் கண்டிப்பானது: நோயின் பலவீனத்தில் இருப்பவரிடம் செபப் புத்தகத்தை நீட்டுவதில்லை என்பது எங்கள் குழுவின் விதி. அவராகவே செபிக்கச் சொன்னால் செபிப்போம். கூட்டு மருந்து மையத்தில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு திருநாளிலும் வாழ்த்துச் சொல்லப் போகிறோம். சென்ற பொங்கலுக்கு, ஒரு முஸ்லிம் பெரியவர் எங்களுக்குமுன் எழுந்து எல்லோருக்கும் கரும்புத் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

பரிசோதனை பற்றிச் சொல்லாமல் விட்டால் மருத்துவமனை ஆலோசகர் எங்களைக் கோபித்துக்கொள்வார். அரசு மருத்துவமனையில் "நம்பிக்கை மையம்" என்ற பெயர்ப்பலகை இருக்கும். சோதனை இலவசம், முடிவை உங்களிடம் மட்டுமே சொல்வார்கள். நேரில் போகக் கூச்சமென்றால் 1097 என்ற எண்ணில் பேசலாம்; கட்டணமில்லை, பெயரும் சொல்ல வேண்டாம். திருமணம் பேசி முடித்திருக்கும் பிள்ளைகள் இருவரும் சேர்ந்தே போய்வருவது நல்லது. ஒருவரை மட்டும் அனுப்புவது சந்தேகப்படுவது போலாகிவிடும்.

வருகிற திருவருகைக் காலத்துக்கு எங்களுக்கு இன்னும் பதினைந்து பேர் வேண்டும். தெருவுக்கு இருவர் வீதம், ஓர் ஆண், ஒரு பெண். மாலை ஆறு மணி முதல் எட்டு வரை. மரியாயின் சேனையிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் இருப்பவர்கள் தங்கள் வாராந்தரக் கூட்டத்தைத் தவறவிடாதபடி நாள் ஒதுக்கித் தருகிறோம். ஒரு நாள் பயிற்சி உண்டு. மருத்துவமனை ஆலோசகரே வந்து நடத்தித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்றே வாழ்த்து மடல்களும் எழுதப் போகிறோம், அச்சிட்டது அல்ல, கையால். மை நன்றாக ஓடும் பேனா ஒன்று கொண்டு வாருங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் இரண்டாம் பூசைக்குப் பின் உபதேசியாரைப் பார்க்கலாம். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; அவர்களுடன் நல்ல பசியுள்ள ஓர் இளைஞரைச் சேர்த்து அனுப்புவோம், அதிரசத்தை அவர் பார்த்துக்கொள்வார்.